பாசறைக்குப் புறப்படும் பிள்ளை. படிவத்தில் பெற்றோரின் கையெழுத்து

புது தில்லி: பதினேழரை வயது நிரம்பிய ஓர் இளைஞர் இந்த நாட்டில் வாக்களிக்க முடியாது. தன் பெயரில் உள்ள நிலத்தைத் தானே விற்க முடியாது. கார் ஓட்ட உரிமம் பெற முடியாது. ஆனால், ராணுவத்தில் சேர முடியும். அதற்கு ஒரே ஒரு நிபந்தனை உண்டு. 18 வயது நிரம்பாதவரின் சேர்க்கைப் படிவத்தில் அவருடைய தந்தையோ, தாயோ, காப்பாளரோ கையொப்பமிட வேண்டும்.

அக்னிபத் திட்டத்தை 2022 ஜூன் 14-ல் பாதுகாப்புத் துறை அமைச்சர் ராஜ்நாத் சிங் முப்படைத் தளபதிகளுடன் அமர்ந்து அறிவித்த நாளிலிருந்து நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் அதைப் பற்றிப் பலமுறை அனல் பறந்துவிட்டது. நான்கு ஆண்டுப் பணி போதுமா, ஓய்வூதியம் ஏன் இல்லை, படைப்பிரிவுகளின் மரபு என்னவாகும் என்றெல்லாம் உறுப்பினர்கள் கேட்டனர். அந்தக் கையொப்பத்தை இடும் பெற்றோரைப் பற்றி மட்டும் அதிகம் பேசப்படவில்லை. வட இந்தியாவின் ஊரகங்களில் ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு அதுதான் அன்றாடப் பிரச்னை.

கையொப்பத்துக்குப் பின்னால் ஒரு சர்வதேச உடன்பாடும் இருக்கிறது. ஆயுத மோதல்களில் சிறாரை ஈடுபடுத்துவது தொடர்பான ஐ.நா. விருப்ப நெறிமுறையை இந்தியா 2005 நவம்பரில் ஏற்றுக்கொண்டது. அப்போது அளித்த பிரகடனத்தில், படைகளில் சேர்வதற்கான குறைந்தபட்ச வயது 16 என்றும், பயிற்சி முடித்தவர் 18 வயதை எட்டிய பிறகே போர்முனைப் பகுதிகளுக்கு அனுப்பப்படுவார் என்றும், சேர்க்கை முற்றிலும் விருப்பத்தின் அடிப்படையிலானது என்றும் அரசு உறுதியளித்தது. விருப்பம் என்ற அந்தச் சொல்லுக்கு 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் விஷயத்தில் பெற்றோரின் கையெழுத்தே சாட்சி.

கல்வெட்டில் எண்கள்: உத்தரப் பிரதேச மாநிலம் காஜிபூர் மாவட்டத்தில், கங்கைக் கரையில், பிகார் எல்லையை ஒட்டி இருக்கும் கிராமம் கஹ்மர். ஆசியாவிலேயே பெரிய கிராமம் என்று ஊரார் பெருமையுடன் சொல்லிக்கொள்வார்கள். ஹிந்தியில் துப்பறியும் கதைகளுக்கு வழிவகுத்த கோபால் ராம் கஹ்மரி தன் பெயருடன் சேர்த்துக்கொண்டது இந்த ஊரைத்தான். இருப்பினும், கஹ்மர் என்றால் வட இந்தியாவில் முதலில் நினைவுக்கு வருவது கதைகள் அல்ல, ஜவான்கள். முதல் உலகப் போருக்கு இந்த ஊரிலிருந்து 228 பேர் சென்றதாகவும், அவர்களில் 21 பேர் உயிரிழந்ததாகவும் கல்வெட்டு ஒன்று கூறுகிறது. அதே மாவட்டத்தில்தான், 1965 போரில் பாகிஸ்தான் டாங்குகளை வீழ்த்தி பரம்வீர் சக்ரா பெற்ற அப்துல் ஹமீதின் தாமுபூரும் உள்ளது.

இத்தகைய ஊர்களில் ராணுவத்துக்குப் பிள்ளையை அனுப்புவது புதிய செய்தியல்ல. தாத்தா சுபேதார், தந்தை ஹவில்தார், சிற்றப்பா நாயக் என்று ஒரே வீட்டில் மூன்று பதவிகளைக் காணலாம். கஹ்மரில் உள்ள காமாக்யா தேவி கோயிலில் வேண்டிக்கொண்டு புறப்படுவதும், விடுமுறையில் வந்ததும் முதலில் அங்கே செல்வதும் வழக்கம். ராஜஸ்தானின் ஜுன்ஜுனு, ஹரியாணாவின் பிவானி, உத்தரகண்டின் பௌரி கர்வால் ஆகிய மாவட்டங்களிலும் ஏறத்தாழ இதே நிலைதான். அங்கெல்லாம் பெற்றோருக்கு ராணுவம் அந்நியமல்ல. ஆயினும், அவர்கள் அறிந்த ராணுவம் வேறு. அவர்களின் பிள்ளைகள் இப்போது சேரும் ராணுவம் வேறு. 15, 20 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வூதியத்துடன் வீடு திரும்பிய தந்தை, நான்கே ஆண்டுகளுக்குச் செல்லும் மகனுக்கு எதைச் சொல்லி வழியனுப்புவது?

ஓட்டம் தொடங்கும் வயது: பாசறைக்கான ஆயத்தம் அழைப்புக் கடிதம் வந்த பிறகு தொடங்குவதில்லை. பத்தாம் வகுப்பிலேயே ஆரம்பமாகிவிடுகிறது. அதிகாலை 4 மணிக்கு ஊர்ச் சாலையோரம் ஓடும் சிறுவர்களை கிழக்கு உத்தரப் பிரதேசத்தில் எந்தப் பருவத்திலும் பார்க்கலாம். 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்தில் ஓடி முடித்தால் 60 மதிப்பெண். கம்பியில் 10 முறை உடலை மேலே இழுத்தால் 40 மதிப்பெண். 9 அடிப் பள்ளத்தைத் தாண்ட வேண்டும். வளைந்து செல்லும் குறுகிய கட்டையின் மீது விழாமல் நடக்க வேண்டும். இவற்றுக்கு மதிப்பெண் இல்லை, தேறினால் போதும்.

2023-ல் முறை மாற்றப்பட்டது. முன்பு முதலில் ஓட்டம், பிறகு எழுத்துத் தேர்வு. இப்போது முதலில் கணினி வழிப் பொது நுழைவுத் தேர்வு. அதில் தேறியவர்கள்தான் மைதானத்துக்கு அழைக்கப்படுவார்கள். 2025 முதல் அந்தத் தேர்வைத் தமிழ் உள்ளிட்ட 13 மொழிகளில் எழுதலாம். மாற்றத்தால் மைதானங்களில் கூட்டம் குறைந்தது. மறுபக்கம், ஓடத் தெரிந்தும் கணினித் திரை முன் தடுமாறும் ஊரகப் பிள்ளைகளுக்காகப் பெற்றோர் பயிற்சி நிலையங்களுக்குப் பணம் கட்டும் நிலை உருவானது. அகாதெமி என்ற பெயரில் சிறு நகரங்கள்தோறும் முளைத்துள்ள இவற்றில் சிலவற்றை முன்னாள் ராணுவத்தினரே நடத்துகின்றனர். அவர்கள் சொல்லித் தருவதில் பொருள் உண்டு. இன்னும் சிலர் 'இடம் வாங்கித் தருகிறோம்' என்று கூறி லட்சக்கணக்கில் கேட்கிறார்கள். தரகர்களை நம்ப வேண்டாம் என்று ராணுவம் தன் ஆள்சேர்ப்பு அறிவிக்கைகளில் எச்சரிக்கிறது. நிலத்தை அடகு வைத்து ஏமாந்த குடும்பங்கள் அதைப் படித்திருக்க வாய்ப்பில்லை.

இதைவிடக் கசப்பான நினைவு ஒன்று வட மாநிலப் பெற்றோரிடம் உள்ளது. கரோனா பெருந்தொற்றைக் காரணம் காட்டி 2020-21, 2021-22 ஆகிய இரு ஆண்டுகளிலும் ராணுவத்தில் ஜவான்கள் சேர்க்கப்படவில்லை. முகாம்கள் சில நடந்தன. உடற்தகுதியிலும் மருத்துவப் பரிசோதனையிலும் தேறியவர்கள் எழுத்துத் தேர்வுக்காகக் காத்திருந்தனர். தேர்வு தேதி தள்ளிக்கொண்டே போனது. பிறகு அக்னிபத் வந்தது. பழைய நடைமுறை அப்படியே கைவிடப்பட்டது. 2022 ஜூனில் பிகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் ரயில்கள் எரிந்ததற்கும், செகந்திராபாத் ரயில் நிலையத்தில் துப்பாக்கிச்சூட்டில் ஓர் இளைஞர் உயிரிழந்ததற்கும் பின்னணியில் இந்தக் காத்திருப்பும் இருந்தது. அதிகபட்ச வயதான 21-ஐ அந்த ஓராண்டுக்கு மட்டும் 23-ஆக அரசு உயர்த்தியது. திட்டம் செல்லும் என்று 2023 பிப்ரவரி 27-ல் தில்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேல்முறையீடுகளை ஏப்ரல் 10-ல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. தேர்வுப் பட்டியலில் பெயர் இடம்பெறுவதாலேயே வேலை பெறும் உரிமை உருவாகிவிடாது என்பது சட்ட நிலை. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். மூன்று ஆண்டுகள் விடியற்காலையில் மகனை எழுப்பிவிட்ட தாய்க்கு அந்த விளக்கம் போதுமானதாக இருந்திருக்காது.

வரவு எவ்வளவு? கையொப்பமிடும் முன் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு சிக்கலானதல்ல. மாதத் தொகுப்பூதியம் முதல் ஆண்டில் ரூ.30 ஆயிரம், நான்காம் ஆண்டில் ரூ.40 ஆயிரம். அதில் 30 சதவீதம் சேவா நிதிக்குப் பிடித்தம் செய்யப்படும். ஆகவே முதல் ஆண்டில் கைக்கு வருவது ரூ.21 ஆயிரம்; இறுதி ஆண்டில் ரூ.28 ஆயிரம். பிடித்தத்துக்கு இணையான தொகையை அரசும் செலுத்தும். நான்காண்டு முடிவில் இரண்டும் சேர்ந்து ரூ.10.04 லட்சம், வட்டி தனி. இதற்கு வருமான வரி இல்லை. ஓய்வூதியமும் பணிக்கொடையும் கிடையாது. முன்னாள் ராணுவத்தினர் என்ற தகுதியும் கிடையாது. அதிகபட்சம் 25 சதவீதம் பேர் தேர்வு செய்யப்பட்டு, மேலும் 15 ஆண்டுகளுக்கு நிரந்தரப் பணியில் தொடர்வார்கள்.

ஆண்டு விடுப்பு 30 நாள்கள். நிரந்தரப் பணியிலுள்ள ஜவானுக்குத் தற்செயல் விடுப்பையும் சேர்த்து 90 நாள்கள் கிடைக்கும். தந்தை தன் அனுபவத்தை வைத்து 'மூன்று மாதம் ஊரில் இருக்கலாம்' என்று மகனிடம் சொல்லியிருந்தால் அந்தக் கணக்கு இப்போது பொருந்தாது. அறுவடைக்கு வருவான், தங்கையின் திருமணத்துக்கு முன்பே வந்துவிடுவான் என்று வீட்டில் திட்டமிடுவோர் இதை மனதில் கொள்ள வேண்டும். சேருபவர் திருமணமாகாதவராக இருக்க வேண்டும் என்பதும் விதி. மேலும், நான்கு ஆண்டுகள் முடிவதற்கு முன்பாக, பிடிக்கவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீடு திரும்ப முடியாது. மிக அரிதான சூழல்களில், உரிய அதிகாரியின் ஒப்புதலுடன் மட்டுமே விடுவிப்பு உண்டு.

முதல் பத்து வாரம்: காஜிபூர் மாவட்டத்தினருக்கான ஆள்சேர்ப்பு அலுவலகம் வாராணசியில் உள்ளது. இறுதிப் பட்டியலில் இடம்பெற்றவர்கள் அங்கிருந்து பயிற்சி மையங்களுக்கு அனுப்பப்படுகிறார்கள். மையம் எங்கே என்பது ஒதுக்கப்படும் படைப்பிரிவைப் பொருத்தது. கர்வால் ரைஃபிள்ஸ் என்றால் லான்ஸ்டௌன். குமாவுன் என்றால் ராணிகேத். ராஜ்புத் என்றால் ஃபதேகர். ஜாட் என்றால் பரேலி. பிகார் படைப்பிரிவு என்றால் தானாபூர். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரியின் வெலிங்டன். பீரங்கிப் படைக்குச் செல்பவர் நாசிக் ரோடுக்கோ ஹைதராபாதுக்கோ ரயில் ஏறுவார். போஜ்புரி மட்டுமே பேசி வளர்ந்த சிறுவன், மொழியும் உணவும் பழகாத ஊரில் கண்விழிப்பான்.

முதல் 10 வாரங்கள் அடிப்படை ராணுவப் பயிற்சி. அதன் பின்னர் அவரவர் படைப்பிரிவுக்கு ஏற்ற மேற்பயிற்சி. முடி ஒட்ட வெட்டப்படும். விடியும் முன் எழ வேண்டும். ஓட்டம், அணிவகுப்பு, கயிறேற்றம், துப்பாக்கியைப் பிரித்து மாட்டுதல், சுடுதல், இரவு நடை என்று நாள் நகரும். கைப்பேசிகள் பெரும்பாலும் வாங்கி வைக்கப்பட்டு, குறிப்பிட்ட நேரங்களில் மட்டும் தரப்படும்.

பெற்றோரைக் கலங்க வைப்பது இந்த மௌனம்தான். நாள்தோறும் மூன்று முறை பேசிப் பழகிய பிள்ளை, வாரத்துக்கு ஒரு முறை சில நிமிடங்கள் மட்டும் பேசுகிறான். அந்தச் சில நிமிடங்களில் வீட்டில் இருப்பவர்கள் என்ன பேசுகிறார்கள் என்பது பயிற்சியின் போக்கையே மாற்றும் என்பதை முன்னாள் ராணுவத்தினர் நன்கு அறிவர். பாட்டிக்கு உடல்நலமில்லை, கடன்காரன் வந்து போனான், வாய்க்கால் தகராறு காவல் நிலையம் வரை போய்விட்டது என்பதையெல்லாம் கொட்டிவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டால், அடுத்த ஏழு நாள்களுக்கு அவனால் எதுவும் செய்ய முடியாது. நினைத்து மறுகலாம், அவ்வளவுதான். பிள்ளையிடம் மறைக்கக் கூடாத செய்தி என்றால் மறைக்க வேண்டாம். முடிந்துபோன தகராறுகளைச் சொல்லாமலிருப்பதில் தவறில்லை. 'என்ன சாப்பிட்டாய்' என்று கேட்பதோடு, 'இன்று என்ன கற்றாய்' என்று கேட்கும் தந்தை அவனுக்குப் பேசுவதற்கு ஒரு பொருளைத் தருகிறார். தபாலும் இன்னும் பயன் இழந்துவிடவில்லை. கைப்பேசி இல்லாத இரவில் ஒரு கடிதத்தைப் பலமுறை படிக்கலாம்.

உடற்கூற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய எலும்பு முறிவு, வலிப்பு, காதில் சீழ் போன்றவற்றை மருத்துவப் பரிசோதனையில் மறைத்துவிட்டால் போதும் என்று எண்ணும் குடும்பங்கள் உள்ளன. பாசறையில் அது வெளிவராமல் போகாது. கனத்த காலணியுடன் நாள்தோறும் ஓடும்போது பழைய முறிவு மீண்டும் விரிசல் விடும். அப்போது பிள்ளை இழப்பது வேலையை மட்டுமல்ல.

ஓடி வந்தால்: ஒவ்வொரு தொகுதியிலும் சிலருக்கு மனம் ஒடிந்துவிடும். மதில் ஏறிக் குதித்து, கையில் இருந்த காசுக்கு ரயிலேறி, நள்ளிரவில் வீட்டுக் கதவைத் தட்டும் பிள்ளையைத் தாய் உள்ளே அழைத்துச் சோறு போடுவாள். அது இயல்பு. அதற்குப் பிறகு என்ன செய்வது என்பதில்தான் பல குடும்பங்கள் இடறுகின்றன. 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 39-ஆவது பிரிவின்படி, அனுமதியின்றிப் பணிக்கு வராமலிருப்பது மூன்று ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். 30 நாள்கள் தொடர்ந்து வரவில்லை என்றால் 106-ஆவது பிரிவின்படி விசாரணை நீதிமன்றம் கூடி அதைப் பதிவு செய்யும். பணியை விட்டு நிரந்தரமாக ஓடியதாகக் கருதப்பட்டால் தண்டனை இன்னும் கடுமை. 'பையன் சின்னவன், தெரியாமல் வந்துவிட்டான்' என்று ஊர்ப் பெரியவர்களை அழைத்துக்கொண்டு ஒரு மாதம் கழித்துச் செல்வதால் பயனில்லை. உடனடியாக மையத்துக்குத் தகவல் தெரிவித்து, உடன் சென்று ஒப்படைப்பதே பிள்ளையைக் காப்பாற்றும் வழி. முன்னாள் ராணுவத்தினர் யாரேனும் உடன் வந்தால் நல்லது.

பயிற்சியில் ஒரு தேர்வில் தவறினால் எல்லாம் முடிந்துவிட்டது என்பதும் இல்லை. பின்னால் வரும் தொகுதியுடன் சேர்ந்து மீண்டும் பயிலும்படி நிறுத்திவைப்பார்கள். அதிலும் தேறாதவருக்கு, திறன்மிக்க படைவீரராக வாய்ப்பில்லாதவர் என்ற பிரிவின் கீழ் விடுவிப்பு உண்டு. ராணுவ விதிகளில் உள்ள இந்தச் சொற்றொடர் ஊருக்குள் எப்படிப் புரிந்துகொள்ளப்படும் என்பதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. திருப்பி அனுப்பப்பட்டவன் என்ற பெயர் 19 வயதில் ஒட்டிக்கொண்டால், அதைத் துடைப்பது பெற்றோரின் வேலையாகிவிடுகிறது.

மகள்களும்: 2019 ஜனவரியில், அப்போது பாதுகாப்புத் துறை அமைச்சராக இருந்த நிர்மலா சீதாராமன், ராணுவக் காவல் பிரிவில் ஜவான் நிலையில் பெண்களைச் சேர்க்கும் முடிவை அறிவித்தார். பெங்களூரில் 61 வாரங்கள் பயின்ற முதல் தொகுதியின் 83 பெண்கள் 2021 மே மாதம் உறுதிமொழி ஏற்றனர். ஒடிசாவின் சில்கா ஏரிக்கரையில் உள்ள கடற்படைப் பயிற்சித் தளத்தில் முதல் அக்னிவீரர் தொகுதியின் நிறைவு அணிவகுப்பு 2023 மார்ச் 28-ல் நடந்தது. வழக்கத்துக்கு மாறாக, சூரியன் மறைந்த பிறகு நடந்த அந்த அணிவகுப்பில் சுமார் 2,600 பேர் இருந்தனர். அவர்களில் 270-க்கும் மேற்பட்டோர் பெண்கள்.

மகனை அனுப்புவதில் தலைமுறை அனுபவம் கொண்ட ஊர்களுக்கும் மகளை அனுப்புவது புதிது. ஓட்டப் பயிற்சிக்கு விடியற்காலையில் தனியாகச் செல்வதிலிருந்தே கேள்விகள் தொடங்கிவிடுகின்றன. சில வீடுகளில் தந்தையோ அண்ணனோ மிதிவண்டியில் பின்தொடர்ந்து செல்கின்றனர். சீருடையில் வரும் மகளைப் பார்த்த பிறகு அக்கம்பக்கத்துப் பேச்சு மாறிவிடுவதுண்டு. மாறாத ஊர்களும் உண்டு.

அவையில் எழுந்த கேள்வி: 2024 ஜூலை 1-ல் குடியரசுத் தலைவர் உரைக்கு நன்றி தெரிவிக்கும் தீர்மானத்தின் மீது மக்களவையில் பேசிய எதிர்க்கட்சித் தலைவர் ராகுல் காந்தி, கண்ணிவெடியில் உயிரிழந்த அக்னிவீரர் ஒருவரின் குடும்பத்தை எடுத்துக்காட்டி, அவர்களுக்கு ஓய்வூதியம் கிடைக்காது என்றார், உரிய இழப்பீடும் கிடைக்காது என்றார். ராஜ்நாத் சிங் உடனே எழுந்து, போரிலோ எல்லைக் காவலிலோ உயிரிழக்கும் அக்னிவீரரின் குடும்பத்துக்கு ரூ.1 கோடி வழங்கப்படுவதாகப் பதிலளித்தார். பிரச்னை அத்துடன் ஓயவில்லை. லூதியானா மாவட்டத்தைச் சேர்ந்த அந்த அக்னிவீரரின் குடும்பத்துக்கு ரூ.98.39 லட்சம் ஏற்கெனவே தரப்பட்டுவிட்டது, மீதியும் சேர்த்து மொத்தம் சுமார் ரூ.1.65 கோடி கிடைக்கும் என்று ஜூலை 3-ல் ராணுவம் விளக்கம் அளித்தது.

இரு தரப்பும் பேசியது வெவ்வேறு விஷயங்களை என்பதுதான் உண்மை. காப்பீடு ரூ.48 லட்சம், அதற்கு அக்னிவீரர் சந்தா செலுத்த வேண்டியதில்லை. பணி காரணமாக உயிரிழந்தால் கருணைத் தொகை ரூ.44 லட்சம். எஞ்சிய பணிக்காலத்துக்கான ஊதியமும் சேவா நிதியும் தனி. இவை ஒருமுறை வரும் தொகைகள். நிரந்தர ஜவானின் குடும்பத்துக்கு மாதந்தோறும் வரும் குடும்ப ஓய்வூதியம் இதில் இல்லை. தொகை பெரிது, காலம் சிறிது. 45 வயதில் மகனை இழக்கும் தாய்க்கு இன்னும் 30 ஆண்டு வாழ்க்கை இருக்கலாம்.

இந்தக் கேள்வி ஆளும் கட்சியினர் தலைமையிலான குழுவிலும் எழுந்தது என்பதை அவைச் சச்சரவில் பலரும் மறந்துவிட்டனர். பாஜக உறுப்பினர் ஜுவல் ஓரம் தலைமையிலான பாதுகாப்புத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு, பணியின்போது உயிரிழக்கும் அக்னிவீரரின் குடும்பத்துக்கும் நிரந்தர ஜவானின் குடும்பத்துக்குக் கிடைக்கும் அதே பலன்களை வழங்க வேண்டும் என்று 2024 பிப்ரவரியிலேயே பரிந்துரைத்தது. 2023 அக்டோபரில் சியாச்சினில் மகாராஷ்டிரத்தின் புல்டாணா மாவட்டத்தைச் சேர்ந்த அக்னிவீரர் உயிரிழந்த பிறகு எழுந்த விவாதத்தின் தொடர்ச்சி அது. 2025 மே மாதம் ஆபரேஷன் சிந்தூரின்போது ஜம்மு-காஷ்மீர் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டுப் பகுதியில் குண்டுவீச்சில் உயிரிழந்த இளம் அக்னிவீரரின் தாய், சமமான பலன்கள் கோரி மும்பை உயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார். பரிந்துரை ஏட்டில் இருக்க, வாதம் நீதிமன்றத்துக்குச் சென்றது.

பயிற்சிக் காலத்திலேயே காயமடைந்தால் என்ன ஆகும் என்பது இன்னொரு கேள்வி. அக்னிவீரருக்கு, ஊனத்தின் அளவு 100, 75, 50 சதவீதம் என்பதற்கேற்ப ரூ.44 லட்சம், ரூ.25 லட்சம், ரூ.15 லட்சம் என்று ஒருமுறைத் தொகை உண்டு. வியப்புக்குரியது, அதிகாரிகளாகப் பயில்வோரின் நிலை இதைவிட மோசமாக இருந்தது என்பதுதான். தேசியப் பாதுகாப்பு அகாதெமி போன்ற மையங்களில் பயிலும்போது காயமடைந்து வெளியேற்றப்பட்டவர்கள் 1985 முதல் சுமார் 500 பேர். அதிகாரியாக நியமிக்கப்படும் முன்பே வெளியேறியதால் அவர்களுக்கு முன்னாள் ராணுவத்தினர் தகுதி மறுக்கப்பட்டது. சிகிச்சைச் செலவைப் பெற்றோர் சுமந்தனர். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணையைத் தொடங்கிய பின்னரே, முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவத் திட்டத்தில் அவர்கள் சேர்த்துக்கொள்ளப்பட்டனர்.

பயிற்சி மையங்களின் நிலைமை பற்றித் தலைநகரிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. தில்லி கன்டோன்மென்ட்டில் உள்ள ராஜ்புதானா ரைஃபிள்ஸ் மையத்தின் 3,000-க்கும் மேற்பட்ட வீரர்கள் அணிவகுப்பு மைதானத்துக்குச் செல்ல, சாக்கடை நீர் தேங்கும் மதகின் வழியாக நாள்தோறும் நடந்து செல்வதை நாளேடு ஒன்று வெளியிட்டது. 2025 மே மாதத்தில் தில்லி உயர் நீதிமன்றம் அதைத் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. நாடாளுமன்றத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் நடந்தது இது.

நாற்காலி வரிசையில்: பயிற்சி முடியும் நாளில் மூவர்ணக் கொடியின் முன்னிலையில், அவரவர் சமய நூலின் மீது கைவைத்து உறுதிமொழி ஏற்கும் 'கசம் பரேட்' நடைபெறுகிறது. பல மையங்களில் பெற்றோருக்கும் அழைப்பு அனுப்பப்பட்டு, அவர்களின் சட்டையிலோ சேலையிலோ 'கௌரவ் பதக்' என்ற பதக்கம் அணிவிக்கப்படுகிறது. இரண்டு நாள் ரயில் பயணத்துக்குப் பின், ஒட்ட வெட்டிய தலைகளுக்கு நடுவே தன் மகன் எவன் என்று தெரியாமல் தேடும் தாய்மார்கள் ஒவ்வோர் அணிவகுப்பிலும் இருக்கிறார்கள். பயணச் செலவுக்கு வழியில்லாமல் வராமலிருப்பவர்களும் இருக்கிறார்கள். இந்த ஒரு பயணத்துக்காவது பெற்றோர் இருவருக்கும் ரயில் கட்டணத்தை அரசே ஏற்றால் பாதுகாப்பு பட்ஜெட்டில் அது ஒரு பொருட்டாகவே இருக்காது. எந்தக் கட்சி உறுப்பினரும் இதை வலியுறுத்தலாம்.

2022 இறுதியிலும் 2023 தொடக்கத்திலும் பயிற்சியில் சேர்ந்த முதல் தொகுதியினருக்கு நான்காண்டுக் கணக்கு 2026 இறுதி முதல் முடியத் தொடங்குகிறது. மத்திய ஆயுதக் காவல் படைகளில் ஒதுக்கீடு, சில மாநிலங்களின் காவல் துறைகளில் ஒதுக்கீடு என்று அறிவிப்புகள் உள்ளன. நால்வரில் மூவர் 22, 23 வயதில் ஊர் திரும்பும்போது, அதே பெற்றோர் மீண்டும் ஒரு வரவேற்புக்கும் மீண்டும் ஒரு வேலைத் தேடலுக்கும் ஆயத்தமாக வேண்டியிருக்கும். சேவா நிதியாக வரும் ரூ.10 லட்சத்தில் வீடு கட்டுவதா, தங்கையின் திருமணத்தை முடிப்பதா, மகனின் படிப்பைத் தொடரச் செய்வதா என்ற பேச்சு கிழக்கு உத்தரப் பிரதேசத் திண்ணைகளுக்கு இப்போதே வந்துவிட்டது. அந்தப் பணம் பிள்ளையின் நான்கு ஆண்டு இளமைக்கு ஈடாக வருவது. அதை எப்படிச் செலவிடுவது என்று அவன் புறப்படும் முன்பே தீர்மானித்துவிடுவது நியாயமல்ல.

புறப்படும் நாளின் வேலைகள் சாதாரணமானவை. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், இருப்பிடச் சான்று, சாதிச் சான்று, நன்னடத்தைச் சான்று, திருமணமாகாதவர் என்பதற்கான சான்று ஆகியவற்றின் அசல்களும் நகல்களும் தனித்தனி உறைகளில் இருக்க வேண்டும். அசலை ஒப்படைத்தால் எந்த அலுவலகத்தில், எந்த நாளில் என்பதை வீட்டில் ஒரு நோட்டில் குறித்து வைக்க வேண்டும். மாவட்ட சைனிக் வாரிய அலுவலகத்தின் தொலைபேசி எண்ணும், பயிற்சி மையத்தின் முழு முகவரியும் அதே நோட்டில் இருப்பது நல்லது. காப்பீட்டுக்கும் சேவா நிதிக்கும் வாரிசுதாரராகப் பிள்ளை யார் பெயரை எழுதுகிறான் என்பதை அவனிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதில் கூச்சம் தேவையில்லை. பெரும்பாலும் அது தாயின் பெயராக இருக்கும். பள்ளிச் சான்றிதழில் ஒரு விதமாகவும், ஆதார் அட்டையில் வேறு விதமாகவும், வங்கிப் புத்தகத்தில் மூன்றாம் விதமாகவும் எழுதப்பட்டிருக்கும் அந்தப் பெயரை ஒரே எழுத்துக் கூட்டலுக்குக் கொண்டுவரும் வேலையை, வாராணசியிலிருந்து ரயில் கிளம்பும் முன்பே முடித்துவிட வேண்டும்.